மேடையில் ஐந்து நாற்காலி

அரசு விழாப் பிரிவில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்த அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பணிப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. அலுவலகம் முழுக்க அவர் ‘வரிசையம்மா’. அழைப்பிதழில் எந்தப் பெயர் மேலே ஏறும், எது கீழே இறங்கும், மேடையில் யாருக்கு வலப்பக்கம் யார், யாரை ‘மேதகு’ என்பது, யாரை ‘மாண்புமிகு’ என்பது, யாருக்கு வெறும் ‘திரு’ போதும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “என் கையில என்ன இருக்கு? பதவி சொல்லுது, நான் எழுதுறேன். நாளைக்கே உன்னை மந்திரியாக்கிட்டா உன்னையும் மாண்புமிகுன்னு எழுதிட்டுப் போறேன்” என்பார், எதிரே நிற்பது பியூனாக இருந்தாலும்.

அவருடைய அறை இரண்டாம் மாடியில், தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும், அதனால் யாரும் திறப்பதில்லை. ஒரு நீள மேசை, ஓர் இரும்பு பீரோ, சுவரில் ஒரு பலகை. மேடையில் எத்தனை நாற்காலியோ அத்தனை சின்ன அட்டைகள் அந்தப் பலகையில் குண்டூசியால் குத்தப்பட்டிருக்கும். யாராவது வரவில்லை என்றால் அந்த அட்டையைப் பிடுங்கிவிட்டு மற்றதை நகர்த்திக் குத்துவார். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், “என்னம்மா, சௌக்கியமா?” என்று எட்டிப் பார்க்கிற சாக்கில் கண் நேராகப் பலகைக்குத்தான் போகும். தன் அட்டையைத் தேடுகிற கண்ணை வரிசையம்மா உடனே கண்டுகொள்வார். சிரிக்க மாட்டார். வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய சட்டதிட்டங்கள் கொஞ்சநஞ்சமில்லை. உறையின் மேல் பெயரைக் கையால்தான் எழுத வேண்டும். அச்சடித்த சீட்டு ஒட்டிய உறை பெரிய மனிதரின் மேசைக்குப் போகாது, அவருடைய உதவியாளரின் குப்பைக்கூடைக்குத்தான் போகும். இரண்டு வாரம் முன்னதாக அழைத்தால் மரியாதை, ஒரு வாரத்துக்குள் அழைத்தால் தகவல், முந்தின நாள் அழைத்தால் அவமானம். பேச வருகிறவர் மேடையில் இருப்பவர்களை விளிக்கிற சீட்டில் ஏழு பெயருக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் எட்டாவது ஆளைக் கூப்பிடுவதற்குள் முதல் ஆள் கொட்டாவி விடுவார். பதவியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கு ஒரு வருஷம் வரைக்கும் கணவரின் வரிசையிலேயே இடம், அதற்கு மறுநாள் பொதுமக்களோடு. இதைச் சொல்லும்போது மட்டும் வரிசையம்மா குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார். அவரும் கணவரைப் பறிகொடுத்தவர்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. மேடையில் நாற்காலி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் நடு நாற்காலி என்று ஒன்று இருக்கும், தலைமை விருந்தினருக்கு நடுவில் உட்கார இடம் கிடைக்கும். ஒருவர் வராமல் போனால், கீழே இருந்து ஒருவரை மேலே ஏற்ற வேண்டும், இல்லை மேலே இருப்பவர்களில் ஒருவரைக் கீழே இறக்க வேண்டும். இறக்கப்பட்டவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார் என்பதால் எப்போதும் ஏற்றுவதுதான் வழக்கம். அதற்காகவே ஒரு மாற்றுப் பட்டியலைத் தயாராக வைத்திருப்பார்.

இத்தனை வருஷம் உறைகளோடு குப்பை கொட்டியதில் வரிசையம்மாவுக்கு ஒரு வேண்டாத ஞானம் வந்து சேர்ந்திருந்தது. ‘வர இயலவில்லை’ என்ற பதிலை வைத்தே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். நிஜமாகவே வர முடியாதவர் மூன்று நாளைக்குள் கடிதம் எழுதுவார். காரணம் சொல்வார். தனக்குப் பதிலாக இன்னார் வருவார் என்று ஒரு பெயரும் இருக்கும். வர விரும்பாதவர் ஆளைவிட்டுத் தொலைபேசியில் சொல்லச் சொல்வார். காரணம் இருக்காது, பதில் ஆளும் இருக்காது. ஒருமுறை சுகாதார இயக்குநர் அழைத்த விருந்துக்கு அப்படி மூன்று தொலைபேசி வந்தது. “பாவம், இந்த மனுஷன் சீட்டு கிழிஞ்சுது” என்றார் வரிசையம்மா. பதினைந்தாம் நாள் இயக்குநரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அலுவலகத்தில் சில பேர் அவரைப் பார்த்தாலே வழிவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

ஆற்றுப்பாலத் திறப்பு விழா வந்தபோது அவருக்கு ஓய்வுபெற இன்னும் பதினாலு மாதம் இருந்தது. அந்த விழா வீட்டு விழா மாதிரி. பாலத்துக்குச் செயற்பொறியாளர் வேறு யாருமில்லை, அவருடைய மாப்பிள்ளைதான். மகளும் மாப்பிள்ளையும் அவர் வீட்டு மாடியிலேயே குடியிருந்தார்கள். நாலு வருஷமாக மாப்பிள்ளை காலையில் சுத்தமாகப் போய்ச் சாயங்காலம் சிமெண்ட் தூசியோடு வருவார். விழாவில் அவருக்கு மூன்றாவது வரிசையில், மனைவியோடு, இடம். செயற்பொறியாளருக்கு அதுதான் முறை. வரிசையம்மா அதற்கு ஓரங்குலம் முன்னாலும் போடவில்லை, பின்னாலும் போடவில்லை.

மேடையில் ஒன்பது நாற்காலி. நடுவில் மேதகு ஆளுநர். அழைப்பு போய் ஐந்தாம் நாள் ஆளுநர் மாளிகையிலிருந்து தொலைபேசி வந்தது.

“ஐயாவுக்கு அன்னைக்குத் தோதுப்படாதும்மா. மன்னிச்சுக்கச் சொன்னாங்க.”

“காரணம் என்னன்னு போட்டுக்கட்டும்?”

“காரணமா? அதெல்லாம் வேணாம்மா. வரலைன்னு போட்டுக்குங்க.”

வரிசையம்மா அட்டையைப் பிடுங்கினார். ஆளுநர் பெரிய மனிதர், அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத் துறை அமைச்சரின் உதவியாளர் கூப்பிட்டார். அதே பேச்சு, காரணம் இல்லை, பதில் ஆளும் இல்லை. அந்த அட்டையையும் பிடுங்கினார். மறுநாள் துறைச் செயலாளர். அதற்கு மறுநாள், பாலத்தின் வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட தலைமைப் பொறியாளரே, கண் ஆபரேஷன் என்று பியூனிடம் சொல்லி அனுப்பினார். அதற்கு முந்தின நாள்தான் அவரை வரிசையம்மா மாடிப்படியில் பார்த்திருந்தார். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. கடைசியில் பாலத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரரும் நழுவிவிட்டார்.

ஒன்பது ஏழாகி, ஏழு ஐந்தானது. அந்த ஐந்தையும் நிரப்ப ஆள் இல்லை. மிஞ்சியவர்கள் நாலு பேர். பதவிக்கு வந்து ஆறு வாரமே ஆன மேயர், துணை மேயர், கல்லூரி முதல்வர் ஒருவர், வியாபாரிகள் சங்கத் தலைவர். பாலத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அது ஆற்றின் மேல் இருக்கிறது என்பதுதான். பாலத்தைத் தெரிந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கழன்றுகொண்டிருந்தார்கள். பலகையைப் பார்த்தபடி வரிசையம்மா நின்றார். குண்டூசி குத்தின ஓட்டைகள்தான் பலகை நிறைய இருந்தன.

அந்த நேரத்தில்தான் துணைச் செயலாளர் உள்ளே வந்தார். மெதுவாகப் பேசுகிற, செருப்புச் சத்தம்கூடக் கேட்காத மனிதர். ஒரு தாளை மேசையில் வைத்தார்.

“நாலு பேர்தானேம்மா இருக்காங்க? அஞ்சாவது நாற்காலிக்குச் செயற்பொறியாளரை ஏத்திடுங்க. மேயருக்கு வலது பக்கம்.”

வலது பக்கம் என்றால் இரண்டாவது மரியாதை. மூன்றாவது வரிசை ஆளை ஒரே தாவலில் அங்கே ஏற்றியதை இருபத்தேழு வருஷத்தில் அவர் பார்த்ததில்லை. தாளைப் படித்தார். மாப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஒரு வரி இருந்தது. ‘இப்பாலப் பணியை முழுப் பொறுப்பேற்று நிறைவேற்றிய’.

“ஐயா, பேருக்கு முன்னாடி பதவிதான் போடுவோம். செஞ்ச வேலையைப் போடுற வழக்கம் இல்லையே.”

“உழைச்சவங்களைக் கௌரவிக்கணும்னு மேலே சொல்றாங்க. அழைப்பிதழைத் திருப்பி அச்சடிச்சிடுங்க. விளிப்புச் சீட்டிலயும் இதே வார்த்தை வரணும், பேசுறவங்க எல்லாரும் இதைச் சொல்லித்தான் கூப்பிடணும்.” கதவருகே போய்த் திரும்பினார். “உங்களுக்கும் பெருமைதானேம்மா.”

பெருமையாம். வரிசையம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாலத்துக்கு ஏதோ ஆகப்போகிறது, அது பெரிய மனிதர்களுக்குத் தெரியும், ஆகிற அன்றைக்குக் கைகாட்ட அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளின் பெயரை ‘முழுப் பொறுப்பு’ என்று அச்சில் ஏற்றி ஊரறியச் சொல்லவைக்கிறார்கள். அவருக்கு இதில் ஒரு துளியும் சந்தேகம் இல்லை. தன் கையாலேயே மாப்பிள்ளைக்குக் கயிறு திரிக்கச் சொல்கிறார்கள்.

வீட்டுக்குப் போனால் அங்கே ஒரே கொண்டாட்டம். செய்தி அவருக்கு முன்னால் வந்துவிட்டது. மகளுக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை கண்ணாடி முன்னால் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் மாப்பிள்ளையிடம் வெட்டென்று எதையும் கேட்டுவிட முடியாது. வரிசையம்மா தேநீரைக் கொண்டுவந்து வைத்து, நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மாப்பிள்ளை, பாலம் நல்லா இருக்குதுங்களா?”

“என்ன அத்தை, திடீர்னு?”

“சும்மாதான் கேட்டேன். ஏதாவது குறை இருக்குதுங்களா?”

மாப்பிள்ளை கண்ணாடியைவிட்டுத் திரும்பவில்லை. “மூணாவது தூண்ல ஒரு விரிசல் இருந்துச்சு. ஓவர்சியர்தான் முதல்ல பார்த்துட்டு வந்து சொன்னார். நான் தலைமைப் பொறியாளருக்கு எழுதினேன். பூசி அடைச்சிட்டு வெள்ளையடிங்கன்னார். அடைச்சாச்சு. அவ்வளவுதான்.”

“நீங்க எழுதின கடிதம் பத்திரமா இருக்குதுங்களா?”

“ஃபைல்ல இருக்கும்.” இப்போது திரும்பினார். “ஏன் கேக்கறீங்க?”

வரிசையம்மா சொன்னார். ஆளுநர் முதல் கண் ஆபரேஷன் வரை ஒன்றுவிடாமல் சொன்னார். “இந்த விழாவுக்குப் போகாதீங்க மாப்பிள்ளை. உடம்புக்கு முடியலைன்னு எழுதிக் கொடுத்துடுங்க. நான் பார்த்துக்கறேன்.”

மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். “அத்தை, நான் மரியாதை இல்லாம பேசறேன்னு நினைக்காதீங்க. இருபத்தேழு வருஷமா நீங்க மேடைக்குப் பின்னாடியே நின்னு பழகிட்டீங்க. யாராவது நம்ம வீட்டு ஆளு மேடையில உக்காந்தா உங்களால நம்ப முடியல. எனக்கு இது வாழ்க்கையில ஒரு தடவை வர்றது.”

“அம்மா, உன் ஜோசியத்தை ஆபீஸோட வெச்சுக்கோ” என்றாள் மகள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. “நல்ல காரியத்துல அபசகுனம் மாதிரி பேசாதே.”

அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சு எடுபடவில்லை.

மறுநாள் காலை பீரோவைத் திறந்து பழைய சுற்றறிக்கைகளைக் குடைந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் பிரிவில் இருந்த ஒரு கண்காணிப்பாளர் தன் மச்சானை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார். மச்சான் தூங்கி, பக்கத்திலிருந்த நீதிபதியின் தோளில் சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வரிசையம்மாவே வரைந்த சுற்றறிக்கை அது. விழாப் பிரிவில் பணிபுரிவோரின் நெருங்கிய உறவினர் அந்த விழாவின் மேடையில் அமரக் கூடாது. அதை எடுத்துக்கொண்டு துணைச் செயலாளரிடம் போனார்.

அவர் இரண்டு தடவை படித்தார். கோபப்படவில்லை.

“சரிதான். விதின்னு இருந்தா விதிதான்” என்றார். “ஆனா நாலு நாற்காலி ஆகாதேம்மா. நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே? மாற்றுப் பட்டியல்ல அடுத்து யாரு?”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வரிசையம்மாவும் நின்றார். வியாபாரிகள் சங்கத் தலைவரை முன்வரிசைக்கு இறக்கிவிட்டு மூன்று நாற்காலியோடு விழாவை நடத்தலாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த யோசனை அவருக்கு வந்தது. சொன்னால் துணைச் செயலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஏன் எதற்கு என்று தோண்டுவார், தோண்டினால் சுற்றறிக்கை செல்லாது என்று மாப்பிள்ளையையே மறுபடியும் ஏற்றிவிடுவார் என்ற பயமும் வந்தது. சொல்லிப் பார்க்கவே இல்லை என்பதுதான் விஷயம். மாற்றுப் பட்டியலில் அடுத்தவர் உதவிப் பொறியாளர், அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அதற்கு அடுத்த பெயரை வாய்விட்டுச் சொன்னார்.

“ஓவர்சியர், ஐயா.”

“நல்லது. அதே வரி, பேரை மட்டும் மாத்திடுங்க” என்றார் துணைச் செயலாளர்.

அச்சகத்துக்குப் போகிற தாளில் வரிசையம்மா தன் கையால் பெயரை மாற்றினார். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. மாப்பிள்ளை அன்று மாலையிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மகள் சாப்பாட்டை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். அதைப் பற்றி வரிசையம்மாவுக்குப் பெரிய வருத்தம் இல்லை. மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார், அது போதும் என்று இருந்தது.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஓவர்சியர் அவரைத் தேடிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் நின்றே கறுத்த முகம். காலணியை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தவரை, “இது ஆபீஸ், போட்டுக்கிட்டு வாங்க” என்று வரிசையம்மா சொல்ல வேண்டியிருந்தது.

“அம்மா, நீங்கதான் என் பேரைச் சொன்னீங்களாம். துணைச் செயலாளர் ஐயா சொன்னாங்க.” பையிலிருந்து அழைப்பிதழை எடுத்துக் காட்டினார். “இருபத்திரண்டு வருஷமா பாலம், மதகு, தண்ணித்தொட்டின்னு கட்டியிருக்கேன். ஒரு கார்டுல கூட என் பேரு வந்ததில்ல. ‘மற்றும் பலர்’னு போடுவாங்க இல்ல, அதுல ஒருத்தன்னு வீட்டுல சொல்லிச் சிரிப்போம். இப்ப கார்டைப் பார்த்துட்டு என் வீட்டுக்காரி தெருவெல்லாம் காட்டிட்டு வந்துட்டா.”

“உக்காருங்க” என்றார் வரிசையம்மா.

“மேயரை எப்படிம்மா கூப்பிடணும்? தெரியாம ஏதாவது உளறிடக் கூடாது பாருங்க.”

“வணக்கத்துக்குரிய மேயர் அவர்களேன்னு சொல்லுங்க. அவர் உக்காந்த அப்புறம் நீங்க உக்காருங்க. உங்க பேரைச் சொல்லும்போது எழுந்து லேசாத் தலைவணங்கினா போதும்.”

ஓவர்சியர் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டார். வரிசையம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அந்த மூணாவது தூணு?”

“அதுவா? நான்தாம்மா முதல்ல பார்த்தேன். பொறியாளர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். பூசச் சொன்னாங்க, பூசிட்டோம். எனக்கு மனசு ஒப்பல. ஆனா பெரியவங்க பார்த்துட்டுத்தானே சொல்றாங்க.”

“நீங்க... உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டுட்டா என்ன?”

ஓவர்சியர் வாய்விட்டுச் சிரித்தார். “போங்கம்மா, கேலி பண்ணாதீங்க. காலே உடைஞ்சாலும் தூக்கிட்டு வரச் சொல்லுவேன்.”

சொல்வதற்கு அதுதான் நேரம். அறையில் வேறு யாரும் இல்லை, கதவு சாத்தியிருந்தது. ஒரு நிமிஷம் போதும். சொன்னால் இவர் பின்வாங்குவார், நாற்காலி காலியாகும், காலியான நாற்காலிக்குத் துணைச் செயலாளர் மறுபடியும் பட்டியலில் மேலே பார்ப்பார், மேலே இருப்பது மாப்பிள்ளை. வரிசையம்மா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். “பத்து மணிக்கெல்லாம் வந்துடுங்க” என்று மட்டும் சொன்னார்.

விழா குறையில்லாமல் நடந்தது. நல்ல வெயில், நல்ல கூட்டம். திரைக்குப் பின்னால், நாற்காலிகளுக்கு நாலு அடி தள்ளி, வரிசையம்மா நின்றுகொண்டிருந்தார். பேச வந்தவர் ஒவ்வொருவரும் அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து மேயரை விளித்தார்கள், பிறகு குரலை உயர்த்தி, “இப்பாலப் பணியை முழுப் பொறுப்பேற்று நிறைவேற்றிய ஓவர்சியர் அவர்களே” என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஓவர்சியர் எழுந்து, லேசாகத் தலைவணங்கி, அவர் சொல்லிக் கொடுத்தபடியே உட்கார்ந்தார். ஆறு பேர் பேசினார்கள், ஆறு முறை எழுந்தார். முன்னால் புகைப்படக்காரர்கள் அவரையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் அவர் மனைவி கைதட்டிக்கொண்டே அழுதாள். ஆறாவது முறை அந்த வரி ஒலித்தபோது வரிசையம்மா காதைப் பொத்திக்கொண்டார். வெயில் தாங்கவில்லை போல என்று நினைத்து ஒலிபெருக்கிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பத்தொன்பதாம் நாள் காலை எட்டரை மணிக்கு, கல் ஏற்றிய லாரி ஒன்று நடுவில் போய்க்கொண்டிருந்தபோது மூன்றாவது தூண் உட்கார்ந்துவிட்டது. லாரிக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் ஆற்றில் விழுந்து இறந்துபோனார்கள். ஒருவர் பால் வண்டிக்காரர், மற்றவர் பரீட்சை எழுதப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண். மத்தியானத்துக்குள் துணைச் செயலாளர் பத்திரிகைக்காரர்களுக்கு எல்லாம் அழைப்பிதழின் பிரதி கொடுத்தாகிவிட்டது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஓவர்சியர் தலைவணங்குகிற படம், கீழே அந்த வரி. சாயங்காலமே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை எழுதிய கடிதத்தைக் கோப்பில் தேடினால் காணவில்லை. மாப்பிள்ளையையும் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். மேலே இருப்பவர்களுக்கு ஓர் ஆள் போதும், அந்த ஆள் அச்சிலேயே கிடைத்துவிட்டார்.

மாப்பிள்ளை மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் கீழே இறங்கி வந்து, “அத்தை, அந்த நாற்காலியில நான் உக்காந்திருந்தா...” என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நின்றார். மகள் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, நீ தெய்வம்மா. நான்தான் உன்னை என்னென்னவோ பேசிட்டேன்.” வரிசையம்மா கையை உருவிக்கொண்டார். தெய்வம் என்று கூப்பிட்டபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தையல் வேலை செய்கிறவள் என்று பார்த்ததும் தெரிந்தது, கைமுட்டியில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஓவர்சியரின் மனைவி. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அழைப்பிதழைக் கொண்டுவந்திருந்தாள்.

“உங்களைத் தப்பு சொல்ல வரலம்மா” என்றாள் முதலிலேயே. “அவரு உங்களைப் பத்தி எவ்வளவு சொல்லியிருக்காரு. உங்களாலதான் மேடை ஏறினேன்னு இப்பவும் அங்க உள்ள உக்காந்துகிட்டுச் சொல்றாரு.” அழைப்பிதழை நீட்டி அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். “இது மரியாதைக்குப் போடுறதுதானேம்மா? கல்யாணக் கார்டுல போடுறோமே, அந்த மாதிரி? நிஜமாவே எல்லாப் பொறுப்பும் அவருக்குத்தான்னு அர்த்தம் இல்லைதானே? இதை எழுதினது நீங்கதானாம். நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டா விட்டுடுவாங்கன்னு வக்கீல் சொல்றாரு. அந்த ஒரு வார்த்தை போதும்மா.”

மாடிப்படியின் திருப்பத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மகள். இரண்டு பேரும் மூச்சுவிடுகிற சத்தம் கீழே கேட்டது.

வரிசையம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை தெரியும். அது மரியாதைக்குப் போட்ட வரிதான், சொல்லிக் கொடுத்து எழுதச் சொன்ன வரிதான் என்று போய்ச் சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். முதலில் யார் பெயருக்கு எழுதச் சொன்னார்கள்? அந்தப் பெயர் ஏன் மாறியது? மாற்றியது யார்? அதற்கெல்லாம் பதில் சொல்லி முடிக்கும்போது ஓவர்சியர் வீட்டுக்கு வந்துவிடுவார், மாடிப்படியில் நிற்கிற இந்த மனிதர் அங்கே போய்விடுவார். வரிசையம்மா நிமிர்ந்து மாடிப்படியைப் பார்த்தார். மகள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

“அப்படி வாய்மொழியா எல்லாம் சொல்ல முடியாதும்மா” என்றார். குரல் அலுவலகத்துக் குரல். “எழுத்து மூலமா ஒரு மனு கொடுங்க. துணைச் செயலாளருக்குக் கொடுக்கணும். அவர் எனக்குக் குறிப்பு அனுப்பினார்னா, நான் பதில் எழுதுவேன். அதுதான் முறை.”

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. ஏதோ வழி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“கொடுத்துடறேம்மா. இன்னைக்கே கொடுத்துடறேன். எப்படி எழுதணும்? அவரை எப்படிக் கூப்பிடணும்? தப்பா எழுதிட்டா பிரிச்சே பார்க்கமாட்டாங்கன்னு சொல்றாங்களே.”

வரிசையம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நல்ல உறையையும் பேனாவையும் எடுத்தார். பெயர், பதவி, துறை, மாடி எண் என்று ஒவ்வொன்றையும் அதனதன் வரியில் நிதானமாக எழுதினார். ஓர் எழுத்து பிசகவில்லை. மை காயும்வரை பிடித்திருந்துவிட்டு, “உள்ளே ஆரம்பிக்கும்போது ‘மதிப்பிற்குரிய ஐயா’ன்னு போடுங்க, அது போதும்” என்று சொல்லி நீட்டினார்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “உங்களுக்கு ரொம்பப் புண்ணியம்மா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.